பாண்டிச்சேரிச் சுறா



புதுவை நகரின் மேற்கே, மூலக்குளத்தில் வாழ்வோருக்குக் கடல் கண்ணிற் படுவதில்லை. ஆயினும் கடல் மீன் அவர்கள் வீட்டு அடுப்பு வரை வந்துவிடுகின்றது. அக்கடல் மீன்களுள் ஒன்று நமது ஊரின் பெயரையே தாங்கி நிற்கின்றது. அதுவே பாண்டிச்சேரிச் சுறா.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இங்குக் கிடைத்த மீனைக் கொண்டு, 1839-ஆம் ஆண்டில் அதனை உலகுக்கு அறிவித்தது யோஹன்னஸ் முல்லர், யாக்கோப் ஹென்லே என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவரின் நூல். ஏறத்தாழ 1 மீட்டர் நீளமே உள்ள சிறு சுறா அது; துடுப்புகள் சிலவற்றின் நுனி கறுத்திருக்கும்.

சுறாவும் திருக்கையும் ஒரே குலத்தவை. அவற்றின் உடலில் எலும்பே இல்லை; எல்லாம் வளையும் குருத்தெலும்பு. மற்ற மீன்களுக்கு உள்ள காற்றுப்பையும் இல்லை. எண்ணெய் நிறைந்த பெரிய கல்லீரலே உடலின் பாரத்தைக் குறைக்கின்றது. செவுளை மூடும் மூடியும் கிடையாது. வெறும் பிளவுகளே உண்டு; அவை சுறாவுக்குத் தலையின் பக்கங்களிலும், திருக்கைக்கு அடிப்புறத்திலும் அமைந்துள்ளன.

இவற்றினும் முக்கியமானது இனப்பெருக்கம். சாளை மீன் பல்லாயிரம் முட்டைகளை நீரில் விட்டுவிடும். சுறாக்களுள் பலவோ சில குட்டிகளையே, பல மாதங்கள் சுமந்து ஈனும். சிலவகைச் சுறாக்களில் தாய்க்கும் குட்டிக்கும் இடையே கொப்பூழ்க்கொடி கூட உண்டு! பண்டைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கூறிய இவ்வுண்மையை, 1840-களில் ஆராய்ந்து மெய்ப்பித்தவரும் அதே முல்லர்தாம். திருக்கைகளிலும் பெரும்பாலானவை குட்டி ஈனுபவை. ஒரு பிரிவு மட்டும் தோல் போன்ற உறையில் முட்டையிடுகின்றது.

இத்தகைய மீன்கள் வயதுக்கு வருவதற்கே ஆண்டுகள் பல ஆகும். ஆதலின் பிடிப்பது பெருகினால், ஈனுவது ஈடுகொடுப்பதில்லை. சினைச் சுறா ஒன்று வலையிற் படும்போது, அதன் வயிற்றிலுள்ள அடுத்த தலைமுறையும் உடன் மாய்கின்றது.

பாண்டிச்சேரிச் சுறாவின் கதையும் துயரமானதே. உலக அருங்காட்சியகங்களில் உள்ளவை ஏறத்தாழ 20 மாதிரிகளே. இறுதியாக ஒன்று கிடைத்தது 1979-இல். 2001 முதல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் காத்து வருகின்றது. எனினும் காக்கப்படும் மீன் இன்னும் இருக்கின்றதா என்பதே கேள்வி.

நண்பர்களே, கடற்கரைக்குச் செல்லும்போது வலைகளை உற்று நோக்குங்கள். முதிய மீனவர்களிடம் கேட்டறியுங்கள். கருநுனிச் சுறாக்கள் பலவகை உண்டு. ஆகவே அவசரப்பட்டு முடிவு கட்டாமல், படம் பிடித்து மீனியல் வல்லுநரிடம் காட்டுங்கள். நம் ஊரின் பெயரைச் சுமக்கும் அந்த மீனை மீண்டும் காணும் பேறு உங்களுள் ஒருவருக்குக் கிட்டட்டும்.