கடலூர் முதுநகர் நமக்குச் சொல்லும் பாடம்

(மங்களூரில் நடைபெற்ற வெள்ளிவிழாவில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கல்வியைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்தார்கள். நான் ஓர் ஊரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அந்த ஊர் கடலூர் முதுநகர். மழையை நம்பிப் பயிர் செய்யும் நம் மங்களூர் வட்டாரத்துக்கும் கப்பல் நின்ற கடற்கரைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. அதை என் தந்தையாரிடமிருந்து தொடங்குகிறேன்.

என் தந்தையார் எழுத்தறியாதவர். இளமையில் ஒரு பண்ணையில் வண்டி ஓட்டியவர். நிலக்கடலை அறுவடை முடிந்ததும் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இரவெல்லாம் பயணம் செய்து, விருத்தாசலம் புகைவண்டி நிலையத்தில் இறக்கிவிட்டு வந்த கதையைச் சொல்லுவார். "அந்த மூட்டை எங்கே போகும் அப்பா?" என்று கேட்பேன். "ஓ.டி.க்குப் போகும்" என்பார். "அங்கிருந்து?" என்றால், "கப்பலுக்கு" என்பார். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. மூட்டையின் மேல் எழுதியிருந்த ஊர்ப்பெயரை அவரால் படிக்க முடிந்ததில்லை. தாம் சுமந்த பொருள் எங்கே போகிறது என்று அறியாமலேயே அவர் சுமந்தார். இது என் நெஞ்சில் நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்த செய்தி.

கடலூர்க்காரர் ஓ.டி. என்று சொல்லும் பழைய நகரமே முதுநகர். திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம் பகுதிகளை என்.டி., அதாவது புதுநகர் என்பார்கள். விருத்தாசலத்திலிருந்து நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகச் செல்லும் இருப்புப்பாதை, கடலூர் துறைமுகம் சந்திப்பு என்னும் நிலையத்தில் முடிகிறது. அந்த நிலையத்தின் பெயரிலேயே ஊரின் வரலாறு இருக்கிறது.

முதுநகரின் இயற்கை அமைப்பைச் சற்று நோக்குவோம். உப்பனாறு கடலில் நேரே விழாமல் கரைக்கு இணையாகச் சிறிது தொலைவு ஓடுகிறது. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்திட்டு காவலாக நிற்கிறது. பெருங்கப்பல்கள் கரைக்கு வர இயலாது. ஆழ்கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆற்றினுள்ளிருந்து தோணிகள் சரக்கை ஏற்றிச் சென்று கப்பலில் சேர்க்கும். ஆகவே இத்துறையில் ஒரு மூட்டை கப்பலை அடைவதற்கு முன் வண்டியிலிருந்து கிடங்குக்கும், கிடங்கிலிருந்து தோணிக்கும், தோணியிலிருந்து கப்பலுக்கும் பலமுறை கைமாற வேண்டும். ஒவ்வொரு முறையும் அதைத் தூக்க ஒரு தோள் வேண்டும். ஆயிரக்கணக்கான தோள்களின் மேல் நின்ற துறைமுகம் அது.

ஆறுகள் கூடுமிடம் ஆதலால் கூடலூர் எனப் பெற்று, பின்னர் கடலூர் ஆயிற்று என்பர். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தரும், அவர்களை அடுத்து ஆங்கிலேயரும் இக்கரையில் துணி வணிகத்துக்காகக் குடியேறினார்கள். 1690இல் செஞ்சியில் இருந்த மராத்திய அரசர் இராஜாராமிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கும்பினி விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் ஆளுநராக இருந்தவர் எலிகு யேல். கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டார்கள்.

அந்த விற்பனையின் விதியை இளைஞர்கள் நினைவில் வைக்க வேண்டும். கோட்டையிலிருந்து ஒரு பீரங்கியைச் சுடுவது. குண்டு எட்டும் தொலைவுக்குள் உள்ள நிலமெல்லாம் வாங்கியவருக்கே சொந்தம். அவ்வாறே சுட்டார்கள். குண்டின் எல்லைக்குட்பட்ட ஊர்கள் நெடுங்காலம் "குண்டு கிராமங்கள்" என்றே வழங்கின. கடலூர் நகரமும் அந்த எல்லைக்குள் வந்தது. நிலத்தோடு பண்ணையாட்களும் பிணைக்கப்பட்டிருந்த காலம் அது. அடிமைத்தனத்தைச் சட்டம் ஏற்காது என்ற நிலை 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டத்தினால்தான் வந்தது. குண்டு விழுந்த ஊர்களில் வாழ்ந்த மக்களை யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. காலையில் ஒருவர் ஆட்சியில் கண்விழித்தவர்கள் மாலையில் வேறொருவர் ஆட்சியில் கண் மூடினார்கள்.

அடுத்து வந்த போர்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றியபோது, தென்னிந்தியாவில் ஆங்கிலேயரின் தலைமையிடம் இங்கே மாறியது. 1752 வரை அப்படியே இருந்தது. 1758இல் லாலி கோட்டையைப் பிடித்து இடித்தார். 1782இல் பிரெஞ்சுக்காரர், ஐதர் அலியின் துணையோடு கடலூரை மீண்டும் கைக்கொண்டார்கள். 1783இல் நிலத்திலும் கடலிலும் கடும்போர் நிகழ்ந்தது. 1785இல் ஊர் மறுபடி ஆங்கிலேயர் வசமாயிற்று. நூறாண்டுக்குள் இத்தனை முறை கொடி மாறிய ஊர் தமிழகத்தில் மிகச் சிலவே.

கொடிகள் மாறினும் சுமை மாறவில்லை. நெசவாளர் நெய்த துணி, சாயமேற்றிய துணி, பிற்காலத்தில் நம் தென்னார்க்காட்டு நிலக்கடலை, சேலத்து இரும்புக்கனி எனச் சரக்கின் பெயர் காலந்தோறும் மாறியது. தூக்கியவர்கள் உழைக்கும் மக்களே. அந்த வணிகத்தின் கொடிய பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 17ஆம் நூற்றாண்டின் பஞ்சங்களில், பசியால் வாடிய ஏழைகளை ஒல்லாந்தர் சோழமண்டலக் கரையில் விலைக்கு வாங்கி, இலங்கைக்கும் படேவியாவுக்கும் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றினார்கள். கும்பினியின் சென்னைப் படையிலோ பறையர் சமூகத்தவர் பெருமளவில் சேர்ந்து போரிட்டார்கள். பின்னர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் "போர்க்குலம்" என்றொரு கொள்கையை வகுத்துக்கொண்ட அதே அரசு, அவர்களுக்குப் படையின் கதவைச் சிறிது சிறிதாக அடைத்தது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளி மாணவர்களை முதுநகருக்கு அழைத்துச் சென்றேன். கிளைவ் தெரு, வெலிங்டன் தெரு, இம்பீரியல் சாலை, புரூக்ஸ்பேட்டை என்று பெயர்களைச் சொல்லிக்கொண்டே நடந்தேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "ஐயா, கிளைவ் இங்கே மூட்டை தூக்கினாரா?" என்று கேட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இராபர்ட் கிளைவ் இந்தியாவுக்கு வந்தபோது கும்பினியின் எழுத்தர். 1746இல் சென்னை வீழ்ந்தபின் மாறுவேடத்தில் தப்பி இக்கோட்டையை வந்தடைந்தார். பத்தாண்டு கழித்து இதற்கே ஆளுநரானார். அவர் செய்தது நன்றோ தீதோ, அதையெல்லாம் எழுதி வைத்தார்கள். ஆகவே அவர் பெயர் தெருவில் நிற்கிறது. மூட்டை தூக்கியவர்கள் பெயரை யாரும் எழுதவில்லை. அவர்கள் தாமும் எழுத முடியவில்லை, எழுத விடவுமில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். சான்றில்லாமல் "எல்லாம் நாமே கட்டினோம்" என்று மார்தட்டுவது நமக்கு வேண்டாம். பொய்ப் பெருமை ஒருநாள் உடைபடும். உடையும்போது உண்மையையும் சேர்த்துக் கெடுக்கும். நெசவாளரும், மீனவரும், முஸ்லிம் வணிகரும், நம்மவரும் சேர்ந்தே அந்நகரை உண்டாக்கினார்கள். அஞ்சலையம்மாள் 1890இல் முதுநகரில் பிறந்தவர். 1927இல் நீல் சிலை அகற்றும் போராட்டத்தில் சிறை சென்று, பின்னர் சட்டமன்றத்திலும் அமர்ந்தார். அவரைப் போன்றோர் பிறந்த ஊர் அது. நம் பங்கு உண்டு. அதைச் சான்றோடு எழுதுவோம் என்பதே என் வேண்டுகோள்.

இன்று முதுநகர் பழைய முதுநகராக இல்லை. பெருங்கப்பல்கள் வேறு துறைமுகங்களை நாடின, கிடங்குகள் வெறிச்சோடின. 1980களில் தெற்கே உப்பனாற்றை ஒட்டிச் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. வேலை சிலருக்கு வந்தது. காற்றும் நீரும் கெடுகின்றன என்ற முறையீடும் உடன் வந்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கிக் கரையோரக் குப்பங்களை அழித்தது. 2011இல் தானே புயலும், 2015இல் பெருவெள்ளமும் மாவட்டத்தையே புரட்டிப்போட்டன.

துறைமுகம் தளர்ந்தபோது வணிகர் தம் முதலை எடுத்துக்கொண்டு வேறு ஊர் சென்றார்கள். கணக்கு எழுதியவர் தம் கணக்கறிவோடு வேறு வேலை தேடிக்கொண்டார். தோள் ஒன்றையே நம்பியிருந்தவருக்கு என்ன மிஞ்சியது? முதுமையும் முதுகுவலியும் மிஞ்சின. உழைப்பு இழிவானது என்று நான் சொல்லவில்லை. என் தந்தையாரின் தோளில்தான் நான் பள்ளிக்குச் சென்றேன். உழைப்போடு எழுத்தும் கணக்கும் சேராவிட்டால் உழைத்தவர் பிறர் கையில் இருப்பார் என்றே சொல்கிறேன்.

இதை முன்பே உணர்ந்தவர்கள் நம் மாவட்ட மண்ணில் பணிபுரிந்தார்கள். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். அங்கே படித்தவர்கள் அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பணியேற்றார்கள். எல். இளையபெருமாள் 1952இல் கடலூர்த் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றார். 1965இல் அமைந்த தீண்டாமை பற்றிய குழுவுக்குத் தலைமை ஏற்று, நாடெங்கும் சுற்றி, 1969இல் அறிக்கை அளித்தார். நம் மக்கள் பட்ட துன்பத்தை அரசு ஏட்டிலேயே பதிவு செய்த செயல் அது. சுமந்தவர்களின் பிள்ளைகள் எழுதத் தொடங்கியதற்கு அதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

இளைஞர்களே, உங்களிடம் ஒரு பணியை ஒப்படைக்கிறேன். உங்கள் தெருவில் எழுபது வயது கடந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போங்கள். எந்த நிலத்தில் உழைத்தார்கள், என்ன கூலி வாங்கினார்கள், எந்த வழியாக வண்டி ஓட்டினார்கள், எந்த ஆண்டில் முதன்முதலில் ஒரு பிள்ளை பள்ளிக்குப் போயிற்று என்று கேளுங்கள். அவர்கள் சொன்னதைச் சொன்னவாறே, பெயரோடும் தேதியோடும் எழுதுங்கள். எழுதியவற்றை இச்சங்கத்தின் நூலகத்தில் சேர்த்து வையுங்கள். என் தந்தையாரிடம் நான் கேட்கவேண்டிய கேள்விகள் பல இருந்தன. கேட்கலாம் என்று நான் எண்ணியபோது அவர் இல்லை. அந்தத் தவறு உங்களுக்கு நேர வேண்டாம்.

இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் பிள்ளைகளுக்கு எழுத்தைத் தந்திருக்கிறது. அந்த எழுத்தால் முதலில் நம்மைப் பெற்றவர்களின் பெயரை எழுதுவோம். பொன்விழாக் காணும்போது இந்நூலகத்தில் அத்தகைய ஏடுகள் ஓர் அலமாரி நிறைய இருக்க வேண்டும்.