காப்புப் பருவமும் கல்லூரிப் பருவமும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய மேடையில் மனநோய் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால், குழந்தையைப் பாடுவதற்கென்றே பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகையைக் கண்ட மொழி நம்முடையது. அதன் பத்துப் பருவங்களுள் முதலாவது காப்புப் பருவம். தாலாட்டுக்கும் முத்தத்திற்கும் முன்னரே குழந்தைக்குக் காவல் வேண்டும் என்று கருதியவர் நம் முன்னோர். அந்தக் காப்பு கிட்டாத குழந்தை பதினெட்டு வயதில் கல்லூரி வாசலை மிதிக்கும்போது என்ன ஆகிறது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

அறந்தாங்கியிலிருந்தும் ஆலங்குடியிலிருந்தும் திருமயத்திலிருந்தும் பேருந்தேறிப் புதுக்கோட்டைக் கல்லூரிகளுக்கு வரும் மாணவர்களுள் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறப்போகிறவர்கள். அவர்களுள் ஒருவர் இரண்டு வாரங்களுக்கும் மேலாக எதிலும் நாட்டமின்றி, உறக்கமும் பசியும் குன்றி, பாடத்தில் மனம் ஒன்றாமல், தம்மைத் தாமே பழித்துக்கொண்டிருந்தால், அது சோம்பலன்று. மனச்சோர்வு என்னும் நோயாக இருக்கலாம். 'வீட்டில் என்ன குறை வைத்தோம்?' என்று பெற்றோர் கேட்கின்றனர். விடை சில வேளைகளில் பத்தாண்டுகளுக்கு முந்தைய ஓர் இருட்டறையில் இருக்கிறது.

1998-இல் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா ஆகிய மருத்துவர்களும் அவர்தம் குழுவினரும், அமெரிக்காவில் 9,500-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். இளமையில் அடி, வசை, பாலியல் கொடுமை, வீட்டில் வன்முறை போன்றவற்றுள் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைகளை அனுபவித்தவர்களுக்கு, எதுவும் அனுபவியாதவர்களைக் காட்டிலும் மனச்சோர்வு, தற்கொலை முயற்சி, குடி, போதைப் பழக்கம் ஆகியவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு மிகுந்திருந்தது.

நம் நாட்டின் நிலை என்ன? மைய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளைக் கண்டு கேட்டது. தமிழகம் அதில் இடம்பெறவில்லையாயினும் அண்டையிலுள்ள கேரளமும் ஆந்திரமும் இடம்பெற்றன. மூவரில் இருவர் உடல் துன்புறுத்தலுக்கும், 53 விழுக்காட்டினர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் கொடுமைக்கும் ஆளானதாகக் கூறினர். ஆண் குழந்தைகளும் இதற்கு விலக்கல்லர். கொடுமை இழைத்தோரில் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள். நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் இதை யாரிடமும் சொல்லவேயில்லை.

இந்த இறுதிச் செய்தியே எல்லாவற்றினும் கொடியது. அடித்தவன் அயலான் என்றால் வீட்டுக்குள் ஓடி ஒளியலாம். வீட்டுக்குள்ளேயே கை நீளும்போது குழந்தை எங்கே ஓடும்? தான் சார்ந்திருக்கும் பெரியவர் தீயவர் என்று எண்ண அஞ்சி, 'நான்தான் கெட்டவன்' என்று முடிவு கட்டிக்கொள்கிறது. ஓயாத அச்சம் உடலின் எச்சரிக்கை முறையை நிரந்தரமாக விழிக்க வைத்துவிடுகிறது. அன்று தற்காப்பாக இருந்த மௌனம், கல்லூரிப் பருவத்தில் தனிமையாகவும் தன்வெறுப்பாகவும் முற்றுகிறது. 'அடியாத மாடு படியாது' என்னும் பழமொழியை மாட்டோடு நிறுத்திக்கொள்வோம். பிள்ளைகளுக்கு அது பொருந்தாது.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லவேண்டும். துன்புற்றோர் அனைவரும் மனச்சோர்வுக்கு ஆளாவதில்லை. மனச்சோர்வுற்றோர் அனைவரும் இளமையில் துன்புற்றவருமல்லர். சொன்னதை நம்பி, உடன் நின்ற ஒரு பெரியவரேனும் வாய்க்கப்பெற்ற குழந்தை மீண்டெழும் வாய்ப்பு மிகுதி. ஆகவே இது விதியன்று. தடுக்கக்கூடியது, குணப்படுத்தவும் கூடியது.

சட்டங்கள் வந்துள்ளன. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதைத் தடைசெய்தது. 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் ஆண், பெண் வேறுபாடின்றிப் பதினெட்டு வயதுக்குட்பட்ட அனைவருக்கும் காப்பளிக்கிறது; குற்றத்தை அறிந்தவர் தெரிவிப்பதைக் கடமையாக்குகிறது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிலையங்களில் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவரேனும் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டியது. குழந்தைகளுக்கு 1098, மனநல உதவிக்கு 14416 என்னும் தொலைபேசி எண்களும் உள்ளன. ஆனால், எண்ணைச் சுழற்றுமுன் துயருக்கு ஒரு சொல் வேண்டும். அச்சொல்லைக் கேட்க ஒரு செவி வேண்டும்.

அந்தத் துணிவுக்கு இம்மண்ணில் முன்னுதாரணம் உண்டு. 1886-இல் இங்கே பிறந்து, ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் இடம்பெற்ற முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், பேசக்கூடாதென்று ஊர் ஒதுக்கிய தேவதாசிமுறைக் கொடுமையைச் சட்டமன்றத்தில் பேசினார். ஒதுக்கப்பட்ட சிறுமியருக்காக ஔவை இல்லம் கண்டார். 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது இம்மாவட்டப் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியையும் கற்று, ஊராரின் ஏளனத்தைத் தாண்டிச் சென்றனர். பேசாப் பொருளைப் பேசுவது புதுக்கோட்டைக்குப் புதிதன்று.

பத்தாண்டுகளாகச் சொல்லைப் போற்றிவரும் இப்பேரவையிடம் என் வேண்டுகோள் இதுதான். நம் மேடைக்கு வரும் இளைஞர் தம் கவிதையிலோ கதையிலோ காயத்தைக் கோடிட்டுக் காட்டினால், யாப்பையும் நடையையும் ஆராயும் முன் அவரைத் தனியே அழைத்து அன்போடு கேளுங்கள். 'மறந்துவிடு', 'குடும்ப மானம்' என்று வாயடைக்காதீர்கள். 'நீ சொல்வதை நம்புகிறேன்; தவறு உன்னுடையதன்று' என்று சொல்லுங்கள். பிறகு மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ உடன் செல்லுங்கள். காப்புப் பருவத்தில் நாம் தரத் தவறியதைக் கல்லூரிப் பருவத்திலேனும் தருவோம்.