கஷாயம் தீர்ப்பதும் தீர்க்காததும்



கெடா தோட்டங்களில் வயிறு வலித்தால் கிளினிக்குக்கு முன் அடுப்பங்கரைக்குத்தான் போவோம். ஓமத்தண்ணீர், சுக்குக் கஷாயம், மோரில் மஞ்சள். தோட்டத்தை விட்டுச் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் குடிபெயர்ந்த வீடுகளிலும் இந்த அஞ்சறைப் பெட்டி உண்டு. பாட்டி வைத்தியம் என்று கேலி செய்வோரும், எல்லாவற்றுக்கும் இதுவே போதும் என்போரும் ஆய்வுகளைப் பார்ப்பதில்லை என்பதே என் ஆதங்கம்.

மஞ்சளை எடுத்துக்கொள்வோம். நம் எல்லைக்கு அப்பால் தாய்லாந்தில் 206 அஜீரண நோயாளிகளை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு மஞ்சளிலுள்ள குர்குமின், மற்றொன்றுக்கு ஒமிப்ரசோல், மூன்றாவதற்கு இரண்டுமே. 2023-இல் வெளியான முடிவின்படி, 28-ஆம் நாளில் மூன்று பிரிவினருக்கும் கிடைத்த நிவாரணத்தில் பெரிய வேறுபாடில்லை. பாட்டிமார் மகிழலாம்! ஆனால் அவர்களுக்குக் கொடுத்தது நாளொன்றுக்கு 2 கிராம் குர்குமின். 100 கிராம் மஞ்சள் தூளில் ஏறக்குறைய 3 கிராம்தான் அது இருக்கும். ரசத்தில் போடும் ஒரு சிட்டிகை அந்த மருந்தாகிவிடாது.

இஞ்சிக்கும் குமட்டலைத் தணிப்பதில் நல்ல சான்று உண்டு.

மாதக்கணக்கில் நீடிக்கும் வலியோ வேறு விஷயம். இரைப்பைப் புண்ணுக்கு முக்கியக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. அதைக் கண்டுபிடித்த பேரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் இக்கிருமி அதிகம் என்று இந்நாட்டு ஆய்வுகளே கூறுகின்றன. இரைப்பைப் புற்றுநோய்க்கும் இது வழிவிடும். மூச்சை ஊதிச் செய்யும் சோதனையிலேயே கண்டுபிடித்துவிடலாம். இரண்டு ஆன்டிபயாட்டிக் மருந்துகளும் அமிலம் குறைக்கும் மாத்திரையும் சேர்ந்த சிகிச்சையில் பெரும்பாலோருக்குத் தீரும். கஷாயம் எரிச்சலைத் தணிக்கலாம்; கிருமி உள்ளேயே இருக்கும். வலி குறைந்ததே என்று நாமும் டாக்டரைத் தள்ளிப்போடுவோம்.

சந்தையில் விற்கும் மருந்துப் பொடிகளில் இன்னொரு ஆபத்து. ஸ்டீராய்டு கலந்த பாரம்பரிய மருந்துகள் குறித்துச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. எம்.ஏ.எல். பதிவெண் இல்லாத பாக்கெட்டைத் தொடாதீர்கள்.

மலம் கறுத்தாலோ, காரணமின்றி உடல் இளைத்தாலோ, உணவு விழுங்கச் சிரமப்பட்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். என்னென்ன கஷாயம், மாத்திரை சாப்பிட்டீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். வார்ஃபரின் சாப்பிடுபவர் குர்குமின் மாத்திரையும் எடுத்தால் ரத்தக்கசிவு ஏற்படலாம்.