இருதய நோயாளரும் கொள்ளைநோய்க் காலமும்



ஜூபிலி மேடையில் நாம் மாத்திரைகளைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆனால் மூச்சு வாங்கக் கோயிற்படி ஏறும் பெரியோரை நாம் ஞாயிறுதோறும் காண்கிறோம்.

2020 மார்ச்சு 7ஆம் நாள் தமிழகத்தின் முதல் கொரோனா நோயாளி அறிவிக்கப்பட்டபோது, அவர் வெளிநாட்டிலிருந்து திரும்பிய காஞ்சிபுரத்தவர் என்று கேட்டு ஊரே நடுங்கியதை மறந்திருக்கமாட்டீர்கள். அவர் குணமடைந்து வீடு திரும்பினார். 2023 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் அவசர நிலை முடிந்ததென அறிவித்தது. கிருமி போய்விடவில்லை. ஃபுளூ காய்ச்சலும் ஆண்டுதோறும் வருகிறது.

இருதய நோயாளியைக் கிருமி தேடிப் பிடிப்பதில்லை. எல்லாரையும் போலவே அவருக்கும் தொற்றுகிறது. தொற்றிய பிறகுதான் வித்தியாசம். காய்ச்சலில் இருதயம் வேகமாய் உழைக்கவேண்டும். நுரையீரல் பழுதுபட்டால் பிராணவாயுவோ குறைகிறது. அழற்சியால் இரத்தம் எளிதில் உறைகிறது. இரத்தக் குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடிக்கவும் கூடும். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் நடந்து 2018இல் வெளியான ஆய்வொன்றில், ஃபுளூ உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு ஏறக்குறைய 6 மடங்கு கூடுதலாயிருந்தது. வெறும் காய்ச்சல்தானே என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2020இல் கிருமியோடு வதந்தியும் பயமும் சேர்ந்துகொண்டன. ராமிப்ரில், டெல்மிசார்ட்டான் வகை மாத்திரைகள் கிருமிக்கு வழி திறந்துவிடும் என்றொரு பேச்சு கிளம்பிற்று. அமெரிக்க, ஐரோப்பிய இருதய மருத்துவச் சங்கங்கள் அந்த மார்ச்சிலேயே, தாமாக நிறுத்தக்கூடாது என்றன. பிற்பாடு பிரேசிலில் நோயாளிகளை இரு பிரிவாக்கி ஆராய்ந்தபோதும், நிறுத்தியதால் ஒரு பயனும் காணோம். பயமோ இன்னும் கொடியது. மருத்துவமனைக்குப் போனால் கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்று மார்வலியோடு வீட்டிலேயே கிடந்தவர்கள் பலர். அந்நாட்களில் நாடெங்கும் மாரடைப்புக்காகச் சேர்ந்தோர் தொகை குறைந்தது. நோய் குறைந்ததாலா?

நம் ஊர் வீட்டைப் பாருங்கள். முன்கட்டில் தறி, அதைச் சுற்றியே சமையலும் படுக்கையும். கோர்வைச் சேலைக்கு இருவர் அருகருகே உட்காரவேண்டும். பெரியவரைத் தனியறையில் வையுங்கள் என்று எழுதுவோர் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வாரம் குடியிருந்து பார்க்கட்டும்! ஆகவே பெரியவரை ஒளித்து வைப்பதைவிட, மற்றவர்கள் கிருமியைக் கொண்டுவராதிருப்பதே நடக்கக்கூடிய காரியம். இருமுகிறவர் தறியில் அவர் பக்கம் உட்கார வேண்டாம், முகக்கவசம் அணியட்டும். கதவு சன்னல்களைத் திறந்து வையுங்கள். மூக்கொழுகும் பேரப்பிள்ளை இரண்டொரு வாரம் தாத்தா மடியில் ஏறாதிருந்தால் பாசம் குறைந்துபோகாது. மருத்துவர் சொல்லும் தடுப்பூசியை வீட்டார் அனைவரும் போட்டுக்கொள்ளுங்கள். ஆண்டுக்கொருமுறை போடும் ஃபுளூ ஊசியைப் பற்றி இருதய நோயாளர் அவசியம் கேட்கவேண்டும்.

மாத்திரை ஒரு மாதத்துக்காவது கையிருப்பில் இருக்கட்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்களுக்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன, பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். கடையில் கேட்டு வாங்கும் வலிமாத்திரைகளில் சில, உப்பையும் நீரையும் உடலில் தேக்கி இருதயத்தைத் திணறடிக்கும். மார்வலியோ மூச்சுத்திணறலோ வந்தால், விரலில் மாட்டும் கருவி 94க்குக் கீழே காட்டினால், பக்கத்து வீட்டாரிடம் யோசனை கேட்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, நோயாளியைப் பார்க்கப் பத்துப் பேராய், ஹார்லிக்ஸ் புட்டியும் கையுமாய்ப் போய்க் கட்டிலைச் சூழ்ந்துகொள்வது நம் வழக்கம். நல்ல மனதுதான். ஆனால் காய்ச்சல் பரவும் காலத்தில், வின்சென்ட் தே பவுல் சபையார் ஒருவர் மாத்திரம் வாசலில் நின்று விசாரித்து, வேண்டியதை வாங்கிக் கொடுப்பார். நற்கருணை கொண்டுவரும்போது நாமும் முகக்கவசத்தோடே வருவோம்; நமக்கே இருமலென்றால் வேறொரு குருவானவரை அனுப்புவோம். இருமலுள்ளவர் ஞாயிறு பூசைக்கு வராமல் வீட்டிலிருப்பது குற்றமன்று. தனியே வாழும் இருதய நோயாளர்களின் பெயரையும், அவர்கள் மாத்திரை தீரும் தேதியையும் இந்த வாரத்துக்குள் உபதேசியாரிடம் கொடுத்துவிடுங்கள்.