வந்த தாதியும் இருந்த தாதியும்

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டு எலுவன்குளத்தில் நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில், தாதியர் சேவையிலுள்ள பழைய மாணவியர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



மேடையில் நிற்பது ஒருத்திதான். ஆனால், இந்தப் பாடசாலையில் படித்துத் தாதியரான பலர் பேசிச் சேர்த்த விஷயங்கள்தான் இந்த உரை. சிலர் புத்தளத்திலும் சிலாபத்திலும் கடமை செய்கிறார்கள். சிலர் லண்டனிலும் டொரொன்டோவிலும் மெல்பேர்னிலும் இருந்து இரவுக் கடமை முடிந்த கையோடு தொலைபேசியில் பேசினார்கள். ஆகவே 'நாங்கள்' என்றே பேசுகிறோம்.

தாதியர் சேவையின் மகத்துவம் பற்றிப் பேசும்படி சங்கம் கேட்டிருந்தது. அதைப் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். எங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் ஒரு விஷயத்தை இன்று உங்கள் முன் வைக்கிறோம். ஒரு வார்டுக்குக் கொஞ்ச நாளைக்கென்று போகும் தாதியை, அங்கே நிரந்தரமாக இருப்பவர்கள் முகம் கொடுத்து ஏற்காவிட்டால் அவள் என்ன செய்வாள்?

இப்படிப் போகிறவர்கள் இன்று பல வகை. அமெரிக்காவில் இவர்களைப் 'பயணத் தாதியர்' என்கிறார்கள். அங்கே ஒப்பந்தம் வழக்கமாக 13 வாரம். இங்கிலாந்தில் 'ஏஜென்ஸி' நேர்ஸ், 'பாங்க்' நேர்ஸ் என்று இரண்டு வகை. ஏஜென்ஸி என்றால் வெளியிலுள்ள கம்பனி அனுப்புவது. பாங்க் என்றால் வைத்தியசாலையே வைத்திருக்கும் தற்காலிகப் பெயர்ப் பட்டியல். நம் நாட்டில் இந்தப் பெயர்கள் இல்லை. ஆனால், ஆள் பற்றாக்குறையான இடத்துக்குப் பதில் கடமைக்கு அனுப்பப்படுவதும், இடமாற்றத்தில் தெரியாத ஊருக்குப் போவதும் எங்களுக்குப் பழக்கம். தமிழ் பேசும் பிள்ளை சிங்களம் மட்டும் பேசும் வார்டுக்குப் போகிறாள். சிங்களப் பிள்ளை மன்னாருக்குப் போகிறாள். இருவருக்கும் முதல் வாரம் ஒரே மாதிரித்தான் கழிகிறது.

அந்த முதல் வாரம் எப்படி இருக்கும் என்று தாதியல்லாதவர்களுக்காகச் சொல்கிறோம். யாரும் பெயர் கேட்பதில்லை. "ஏஜென்ஸி வந்திட்டுது" என்று அஃறிணையில் ஒரு குரல் கேட்கும். வேலை பிரிக்கும்போது ஆகக் கடினமான நோயாளிகள் அவள் பக்கம் வருவார்கள். பக்கத்து வார்டில் ஆள் குறைந்தால் முதலில் அனுப்பப்படுவதும் அவள்தான். கணினிக்குள் நுழையும் இரகசியச் சொல் இரண்டு நாளாகியும் வராது. மருந்து அலுமாரிச் சாவி யாரிடம் என்று கேட்டால், "பாருங்கோ, இருக்கும்" என்று பதில். தேநீர் வேளையில் எல்லோரும் சேர்ந்து எழும்பிப் போவார்கள், அவளை யாரும் கூப்பிடமாட்டார்கள். ஒவ்வொன்றும் சின்ன விஷயம்தான். பன்னிரண்டு மணித்தியாலக் கடமையில் இவை எல்லாம் சேர்ந்தால், வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கண் கலங்கும்.

இது ஏன் நடக்கிறது? கெட்ட மனம் என்று சொல்லிவிடுவது சுலபம். எங்கள் அனுபவத்தில் மூன்று காரணங்கள் தெரிகின்றன.

ஒன்று, சம்பளம். அதே வார்டில், அதே வேலைக்கு, ஏஜென்ஸி மூலம் வருபவருக்கு மணித்தியாலத்துக்குக் கூடக் கிடைப்பதுண்டு. இருபது வருடமாக அங்கே இருப்பவருக்கு அது எரியாமல் இருக்குமா? இரண்டு, அலுப்பு. புதிதாக வருபவருக்கு எல்லாவற்றையும் காட்டிக் கொடுக்க வேண்டும். மூன்று மாதத்தில் அவர் போய்விடுவார், அடுத்தவர் வருவார், திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடைசியில், காட்டிக் கொடுக்கும் ஆசையே விட்டுப்போகும். மூன்று, பயம். தற்காலிக ஆட்களை வைத்தே வேலை ஓடினால் தங்களுடைய இடத்துக்கு என்ன ஆகும் என்ற பயம்.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2022 இல் பொருளாதார நெருக்கடி வந்தபோது, அரச ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமில்லாத விடுமுறையில் வெளிநாட்டில் வேலை செய்ய அரசாங்கம் அனுமதித்தது. எங்களில் சிலர் அப்படிப் போனோம். சிலர் போகாமல் நின்று, போனவர்களின் கடமையையும் சேர்த்துச் செய்தோம். போனவர்கள் அங்கே புது ஆட்களாக நின்று வாங்கிய முகச்சுழிப்பும், நின்றவர்கள் இங்கே வேலைப் பாரத்தில் புது ஆட்களுக்குக் காட்டிய முகச்சுழிப்பும் ஒரே காலத்தில் நடந்தவை. இரண்டு பக்கத்தையும் எங்களுக்குத் தெரியும் என்பதால்தான் இதைப் பேசுகிறோம்.

இந்த ஊரில் நின்று பேசும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. வந்தவர், இருந்தவர் என்ற பேச்சு புத்தளம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது, ஏறத்தாழ 75,000 பேர் இடம்பெயர்ந்தார்கள். மன்னாரிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியவர்கள் எத்தனையோ பேர். முதலில் இங்கிருந்த மக்கள் வீட்டையும் பள்ளிவாசலையும் பாடசாலையையும் திறந்து கொடுத்தார்கள். வருடங்கள் போகப் போக, கிணற்றடியில், கூலி வேலையில், பாடசாலை அனுமதியில் உரசல் வந்தது. கொடுத்தவர்கள் நல்லவர்கள், களைத்ததும் அதே நல்லவர்கள்தான். வார்டிலும் அப்படித்தான். முகம் கொடுக்காத அந்த அக்காவும் ஒரு காலத்தில் யாருக்கோ எல்லாம் காட்டிக் கொடுத்தவராக இருக்கக்கூடும்.

சரி, புதிதாகப் போகிறவள் என்ன செய்வது? எங்கள் தொழிலின் தாயென்று நாம் படித்த புளோரன்ஸ் நைட்டிங்கேலுக்கும் இதுதான் நடந்தது. 1854 நவம்பர் 4 ஆம் திகதி 38 தாதியருடன் அவர் ஸ்கூட்டாரி இராணுவ வைத்தியசாலையில் போய் இறங்கினார். அங்கிருந்த இராணுவ வைத்தியர்கள் அவர்களை விரும்பவில்லை. நைட்டிங்கேல் சண்டைக்குப் போகவில்லை. வைத்தியர் கேட்காமல் எவரும் நோயாளியிடம் போகக்கூடாது என்று தன் தாதியருக்குக் கட்டளையிட்டு, அவர்களைத் துணி தைக்கவும் சமையலைக் கவனிக்கவும் வைத்தார். சில நாட்களில், இன்கர்மன் போர்க்களத்திலிருந்து காயப்பட்டவர்கள் வந்து குவிந்தார்கள். வேண்டாம் என்றவர்களே வந்து கூப்பிட்டார்கள். கூப்பிட்டபோது கட்டுத்துணியும் கஞ்சியும் ஆயத்தமாக இருந்தன.

ஆயத்தமாக இருப்பதுதான் முதல் பாடம். நாங்கள் கடைப்பிடிக்கும் வழக்கங்களைச் சொல்கிறோம்.

முதல் நாள் இருபது நிமிடம் முந்திப் போகிறோம். பொறுப்பேற்பதற்கு முன் வார்டை ஒரு முறை சுற்றி வருகிறோம். அவசர சிகிச்சை ட்ரொலி எங்கே, ஒட்சிசன் எங்கே, சக்ஷன் இயந்திரம் வேலை செய்கிறதா, குளுக்கோஸ் எந்த அலுமாரியில், இரவில் வைத்தியரை அழைக்கும் இலக்கம் எது? இந்த ஐந்தையும் சின்னக் கொப்பியில் எழுதிக்கொள்கிறோம். கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டு அவர்களை மறிப்பதில்லை. சேர்த்து வைத்து, வேலை ஓய்ந்த நேரத்தில் ஒரே தடவையில் கேட்கிறோம்.

"எங்கட ஆஸ்பத்திரியில இப்படிச் செய்யிறதில்லை" என்ற வசனத்தை முதல் மாதத்தில் வாயில் எடுப்பதில்லை. அது உண்மையாக இருந்தாலும் சரிதான். சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுகிறோம். வார்டுக்குள் இரண்டு கட்சி இருந்தால் இரண்டிலும் சேருவதில்லை. சிற்றூழியர், துப்புரவு செய்பவர், எழுதுவினைஞர் எல்லோருடைய பெயரையும் முதல் நாளே கேட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம். ஒரு வார்டில் எது எங்கே இருக்கிறது என்று உண்மையில் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

வைத்தியருக்குத் தொலைபேசியில் சொல்லும்போது நான்கு படியில் சொல்கிறோம்: இப்போது என்ன நிலை, பின்னணி என்ன, நாங்கள் என்ன நினைக்கிறோம், அவர் என்ன செய்ய வேண்டும். இதை 'எஸ்பார்' என்பார்கள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பழகிய முறை, பிறகு வைத்தியசாலைக்கு வந்தது. முன்பின் தெரியாத வைத்தியரிடம், புதிய மொழியில், நடு இரவில் பேசும் தாதிக்கு இது கைத்தடி மாதிரி. அவளுடைய உச்சரிப்பைக் கேட்டு அலட்சியம் செய்ய நினைப்பவரும் விஷயத்தைக் கேட்டேயாக வேண்டும்.

இவ்வளவும் பொறுமையின் பக்கம். பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதைத் தங்கைமார் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். தேநீருக்குக் கூப்பிடாததைப் பொறுக்கலாம். நோயாளியைப் பற்றிய தகவலைச் சொல்லாமல் விட்டால் பொறுக்கக்கூடாது.

எங்களில் ஒருவர் வெளிநாட்டு வைத்தியசாலை ஒன்றில் ஒப்பந்தத்தில் இருந்தபோது நடந்தது இது. இரவு இரண்டு மணிக்கு நீரிழிவு நோயாளி ஒருவர் வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறினார். இரத்தச் சீனி மிகவும் குறைந்திருந்தது. குளுக்கோஸ் எங்கே என்று நிரந்தரத் தாதியிடம் கேட்டால், அவர் தலை நிமிராமல், "தேடிப் பாருங்கள்" என்றார். மாலையில் வார்டைச் சுற்றிப் பார்த்துக் கொப்பியில் எழுதி வைத்ததால் எங்கள் தோழி நேரே போய் எடுத்தார். நோயாளி பிழைத்தார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால், கொப்பியில் எழுதாத இன்னொருத்தி அடுத்த வாரம் வருவாள். ஆகவே காலையில் பொறுப்பு நேர்ஸிடம் போய், திகதி, நேரம், கேட்ட கேள்வி, கிடைத்த பதில் நான்கையும் கோபமில்லாமல் சொல்லி, எழுதியும் கொடுத்தார். அவசரப் பொருட்கள் இருக்கும் இடங்களைக் காட்டும் ஒரு தாள் சில நாட்களில் சுவரில் ஒட்டப்பட்டது. அந்த நிரந்தரத் தாதி கடைசி வரை எங்கள் தோழியுடன் சிரிக்கவில்லை. பரவாயில்லை, தாள் சுவரில் இருக்கிறதே.

அதே போல, பயிற்சி இல்லாத வேலையைத் தந்தால், பொறுப்பேற்பதற்கு முன்பே "இதில் எனக்குப் பயிற்சி இல்லை" என்று சொல்ல வேண்டும். ஏற்ற பிறகு சொல்வது நோயாளிக்கும் ஆபத்து, உங்கள் பதிவுக்கும் ஆபத்து. நிறத்தையோ மொழியையோ சொல்லி இழிவு செய்தால், அன்றே எழுதி வையுங்கள். இங்கிலாந்தில் சேர் ரொபேர்ட் பிரான்சிஸின் 2015 அறிக்கைக்குப் பிறகு, என்.எச்.எஸ். டிரஸ்டுகளில் ஊழியர் குரலைக் கேட்பதற்கென்றே ஒருவர் நியமிக்கப்படுகிறார். ஏஜென்ஸி ஆட்களும் அவரிடம் போகலாம். போனவர்கள் எங்களில் இருக்கிறார்கள்.

இனி, அக்காமாரிடம் ஒரு வார்த்தை. நைட்டிங்கேலின் கதையில் பாதியைத்தான் சொன்னோம். மற்றப் பாதியை நாம் பாடசாலையில் படிக்கவில்லை. அவர் ஸ்கூட்டாரிக்கு வந்து ஒரு மாதம் கடந்து, அதே 1854 டிசம்பரில், அவருடைய தோழி மேரி ஸ்டான்லி இன்னும் நாற்பதுக்கும் மேற்பட்ட பெண்களை அழைத்துக்கொண்டு உதவிக்கு வந்தார். நைட்டிங்கேல் அவர்களை ஏற்கவில்லை. தன்னைக் கேட்காமல் அனுப்பினார்கள், இத்தனை பேரை மேற்பார்க்க முடியாது என்று, பதவி விலகுவதாகவே எழுதிவிட்டார். அவருக்கும் நியாயமான காரணங்கள் இருந்தன. ஆனால் யோசித்துப் பாருங்கள். வாசலில் காத்து நின்றவர், வாசலை மறித்து நிற்பவராக மாற எத்தனை நாள் பிடித்தது?

எங்களில் பலர் இன்று வார்டுகளில் சிஸ்டராக, பொறுப்பு நேர்ஸாக இருக்கிறோம். புதிதாக வரும் பிள்ளைக்கு முகம் கொடுக்கப் பெரிய மனம் வேண்டாம், அரை மணித்தியாலம் போதும். பெயரைக் கேளுங்கள், வார்டைச் சுற்றிக் காட்டுங்கள், சாவியும் இரகசியச் சொல்லும் ஆயத்தமாக வையுங்கள். கேள்வி கேட்க ஒருவரைக் காட்டிவிடுங்கள். வேலையைப் பிரிக்கும்போது சமமாகப் பிரியுங்கள். தேநீருக்குக் கூப்பிடுங்கள். சம்பள வித்தியாசத்தில் கோபம் இருந்தால், அதை நிர்வாகத்திடம் காட்டுங்கள். மூன்று மாத ஒப்பந்தத்தில் வந்தவள் அந்தச் சம்பளத்தைத் தீர்மானிக்கவில்லை.

தாதியரல்லாத சகோதரிகளே, உங்கள் ஆசிரியர் அறைக்கும் வங்கிக்கும் கச்சேரிக்கும் தற்காலிகமாக ஒருவர் வந்துகொண்டுதான் இருப்பார். இந்த அரை மணித்தியாலம் அங்கேயும் பொருந்தும்.

காலா ஓயா பெருகினால் எலுவன்குளத்துச் சப்பாத்துப் பாலம் தண்ணீருக்குள் போய்விடும், அக்கரைக்குப் போகிறவர்கள் இந்தக் கரையில் நின்றுவிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படி நிற்பவரிடம் "எத்தனை நாள் இருப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டா நம் வீடுகளில் தேநீர் கொடுத்தார்கள்?

நூற்றாண்டுக் காலத்தில் சங்கத்திடம் நாங்கள் ஒன்று வேண்டுகிறோம். எந்த நகரத்தில் எங்கள் பழைய மாணவியர் யார் தாதியாக இருக்கிறார்கள் என்று, அவரவர் சம்மதத்துடன், ஒரு பட்டியல் தயாரித்துச் செயலாளரிடம் வையுங்கள். புதிய ஊருக்குப் போகும் பிள்ளை முதல் வாரக் கடமை முடிந்து பஸ்ஸில் இருந்தபடி பேச அங்கே ஓர் அக்கா இருக்க வேண்டும். எங்கள் பெயர்களை முதலாவதாக எழுதிக்கொள்ளுங்கள்.