முட்டை மாவட்டம் சொல்லித் தரும் கணக்கு

(வட்டியில்லாக் கடன் பெறும் குடும்பங்களின் மாதாந்திரக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





தவணை தவறுகிறவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் நமக்குக் கிடைக்கின்றன. ஒன்று, "சரக்கு தேங்கிவிட்டது" என்பது. மற்றொன்று, "ஆள் கேட்ட நேரத்தில் கையில் சரக்கு இல்லை" என்பது. உழைப்பிலோ நாணயத்திலோ இவர்களிடம் குறை காண முடியாது. எவ்வளவு விற்கும் என்ற கணக்கையும், எவ்வளவு தயாராகும் என்ற கணக்கையும் ஒன்றாக வைத்துப் பார்க்காததுதான் குறை. பெரிய கம்பெனிகளில் விற்பவரும் தயாரிப்பவரும் பணம் பார்ப்பவரும் மாதம் ஒருமுறை உட்கார்ந்து இந்தக் கணக்கைச் சரி பார்க்கிறார்கள். அதை நாம் நம் நாமக்கல் கோழிப் பண்ணைகளிடமிருந்தே கற்றுக்கொள்ளலாம்.

முட்டைக் கோழி சுமார் 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்குகிறது. அதன்பின் ஓராண்டுக்கும் மேலாகக் கிட்டத்தட்ட நாளுக்கு ஒரு முட்டை இடுகிறது. இன்று விலை நன்றாக இருக்கிறதே என்று எல்லாப் பண்ணையாளர்களும் சித்திரைக் கடைசியில் கூடுதலாகக் குஞ்சு விட்டால், அவை முட்டையிடத் தொடங்குவது புரட்டாசியில். நம் இந்துச் சகோதரர்கள் பலர் அசைவத்தையும் முட்டையையும் ஒதுக்கி வைக்கும் மாதம் அது. விற்பனை குறையும் நேரத்தில் முட்டை குவியும். விலை இறங்கிவிட்டது என்று கோழி தீவனத்தை நிறுத்துமா? நாளொன்றுக்கு 100 கிராமுக்கு மேல் தின்றுகொண்டேதான் இருக்கும்.

1982-இல் டாக்டர் பி.வி.ராவ் முயற்சியில் உருவான தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, பண்ணையாளர்கள் வியாபாரிகளின் தயவில் நிற்காதபடி விலையை அறிவிக்கிறது. இது பெரிய உதவி. ஆனாலும் தேக்கம் வந்தால் அறிவித்த விலைக்குக் கீழே 'மைனஸ்' போட்டுத்தான் வியாபாரிகள் வாங்குகிறார்கள். ஆகவே விலையை மட்டும் பிடித்து நிறுத்த முடியாது. கோழி எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். வயதான கோழிகளைச் சற்று முன்னதாகவே கறிக்கு விற்பதும், குஞ்சு விடுவதைத் தள்ளிப் போடுவதும், கேரளா போன்ற சந்தைகளின் தேவையை முன்கூட்டியே விசாரிப்பதும் அதற்கான வழிகள்.

எதிர்பாராததும் வரும். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டபோது, இங்கே நோய் இல்லாமலேயே நாமக்கல்லின் ஏற்றுமதி அடிபட்டது. கையிருப்பு முழுவதையும் ஒரே சந்தையை நம்பி வைத்தவருக்குத்தான் அடி பலமாக விழும்.

ஏழு செழிப்பான ஆண்டுகளின் தானியத்தைக் கதிரோடு சேமித்து ஏழு பஞ்ச ஆண்டுகளைக் கடக்கச் செய்த யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாறு நாம் அறிந்ததுதான். மக்களின் பசிக்காகச் செய்த திட்டம் அது. விலை ஏறட்டும் என்று பதுக்குவது வேறு. அது நமக்குத் தடுக்கப்பட்டது.

இனி நம் வீட்டுக் கணக்கு. தையல் தொழில் செய்யும் ஒரு சகோதரி நாளொன்றுக்கு 4 சுடிதார் முடிப்பதாக வைத்துக்கொள்வோம். பெருநாளுக்கு முன் 25 வேலை நாட்கள் என்றால் 100 உருப்படி. வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் 140-க்கு முன்பணம் வாங்கினால், 40 உடைகள் பெருநாளன்று தைக்கப்படாமலே கிடக்கும். மறு ஆண்டு அந்த வீட்டார் வரமாட்டார்கள். மின்தடை, உடல்நலக் குறைவு எல்லாம் உண்டு. எனவே 90-லேயே நிறுத்த வேண்டும். அல்லது பக்கத்துத் தெருத் தையல்காரச் சகோதரியிடம் இப்போதே பேசி, மிச்சத்தைப் பங்கிட வேண்டும்.

பெருநாள் சரக்கு எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் ரமளான் ஆண்டுதோறும் 10, 11 நாட்கள் முன்னே நகர்கிறது. போன வருட ஆங்கிலத் தேதியைப் பார்த்துச் சரக்கு எடுத்தால் நேரம் தவறிவிடும். 2030-இல் ஜனவரியில் ஒரு ரமளானும், டிசம்பர் கடைசியில் அடுத்த ரமளானும் தொடங்கும். கோடையில் ஓடிய சர்பத் குளிர்காலத்து இஃப்தாரில் அதே அளவு ஓடாது.

ஆகவே அறக்கட்டளை சார்பில் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். அடுத்த மாதம் முதல் கடன் பெறும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாளில் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதி வர வேண்டும். போன மாதம் எவ்வளவு விற்றது? அடுத்த மூன்று மாதங்களில் எவ்வளவு விற்கும்? கையில் எவ்வளவு இருக்கிறது? சொன்னால் சரக்கு வந்து சேர எத்தனை நாள்? எழுதத் தெரியாதவர்களுக்கு நம் கல்லூரிப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். கடையில் நிற்பவர் மட்டும் வந்தால் போதாது. வீட்டில் தயாரிப்பவரும் சேர்ந்து வர வேண்டும். எவ்வளவு முடியும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இதைக் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். இந்தக் கடன் நிதி சுழல்கிற நிதி. ஒரு வீட்டில் சரக்காகத் தேங்கும் பணம், நகையை அடகு வைக்கும் நிலையில் காத்திருக்கும் இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய பணம். கணக்கைச் சரியாகப் போட்டு, மற்றதை அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுவோம். நம் தொழில்களில் அவன் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.