நாணல் அம்புக்கு முனை பொருத்துதல்
(ஊராட்சி ஒன்றியக் கைத்தொழிற் பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்திய உரை)



அம்பு செய்யும் முறை பற்றிப் பேசப் போகிறோம் என்றதும், "இக்காலத்தில் அம்பு எதற்கு?" என்று சிலர் நகைத்தனர். வேட்டைக்கன்று, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடந்தராது. வைக்கோல் இலக்கில் எய்யும் விளையாட்டு அம்பைப் பற்றியே பேசுகிறோம். நம் நாட்டுப் போட்டிகளில் மூங்கில் வில், மர வில் ஆகியவற்றுக்கென்றே 'இந்தியன் ரவுண்டு' என்னும் பிரிவு உண்டு. உதயப்பூர் மாவட்டத்துப் பழங்குடிக் குடும்பத்திற் பிறந்த லிம்பா ராம், இளமையில் மூங்கில் வில்லும் நாணல் அம்பும் கொண்டு பழகியவர். 1988, 1992, 1996 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் பந்தயங்களில் நாட்டின் சார்பில் வில்லேந்தினார். ஆதலின் இது வீண்வேலையன்று.

கோலைத் தேர்ந்து நிமிர்த்துவதை எவரும் சில நாளிற் கற்றுவிடலாம். கைத்திறன் வேண்டப்படுவது முனை பொருத்தும் இடத்திலேதான். நாம் முதன்முதல் செய்த பன்னிரண்டு அம்புகளில் ஏழு, முதல் நாளே நுனியிற் பிளந்தன. முனையின் வாலை ஆணி அறைவதுபோல் அடித்து இறக்கியதே காரணம். இலக்கிற் பட்டதும் அந்த வால் ஆப்பாகிக் கோலைப் பிளந்துவிட்டது. நாணலும் மூங்கிலும் நீளவாட்டில் நார் உடையவை. ஆப்புக்கு எளிதில் வழி விடும்.

உலக்கைக்குப் பூண் போடுவது எதற்காக என்று நம் தாய்மார்கள் அறிவர். அம்புக்கும் அதே நியாயம். இரும்புப் பூண் கனக்கும் என்பதால் நூலைப் பூணாக்குகிறோம். பசை தோய்த்த பருத்தி நூலை நுனியிலிருந்து இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளத்திற்கு இடைவெளியின்றி இறுகச் சுற்ற வேண்டும். முதலில் சுற்று, பிறகு முனை, இவ்வரிசை மாறலாகாது.

கணுவையும் மறத்தல் கூடாது. கோலை வெட்டும்போது, கணுவுக்கு முன்னே மூன்று, நான்கு சென்டிமீட்டர் குழல் எஞ்சுமாறு வெட்டுக. உள்ளே கணு தடுப்புச் சுவராக நிற்பதால் வால் பின்னோக்கி நழுவாது. எனினும் தாக்குதலைத் தாங்க வேண்டியது வாலன்று. முனையின் தோள் கோலின் வாய் விளிம்பில் சுற்றிலும் ஒட்டி உட்கார வேண்டும். மயிரிழை இடைவெளி இருப்பினும் வால் ஆப்பாகிவிடும். கொல்லரிடம் தோள் வைத்தே வடித்துத் தரக் கேளுங்கள்.

ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்தவற்றுள் இரும்பு அம்புமுனைகள் உண்டு. அவற்றைத் தாங்கிய கோல்கள் மக்கிவிட்டன. எகிப்தின் வறண்ட நிலமோ கோலையும் காத்துத் தந்தது. 1922ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட துட்டன்காமன் கல்லறையில், நாணற்கோலின் முன்புறத்தில் கடினமான மரக்குச்சியைச் செருகிச் செய்த அம்புகள் கிடைத்தன. மூவாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட அந்த உபாயம் இன்றும் நமக்கு ஏற்றதே. குழலுக்குள் வைரம் பாய்ந்த குச்சியைச் செருகி, வெளியே நீளும் பகுதியில் தொப்பிபோன்ற முனையை மாட்டினால், முனை கெட்டாலும் கோல் பிழைக்கும்.

ஒட்டுவதற்கு அரக்கு நல்லது. அரிவாளுக்குப் பிடி போடுவோர் இதன் அருமையை அறிவர். வாலைக் காய்ச்சி அரக்கில் தோய்த்துச் செருகுக. கோலை நெருப்பிற் காட்ட வேண்டா, கருகிய நாணல் நொறுங்கும். ஆறியபின் அம்பை முனையின்மேல் நிறுத்திப் பம்பரம்போற் சுழற்றுக. தள்ளாடினால் முனை கோணலாயிருக்கிறது என்று பொருள். முனையை மீண்டும் சூடேற்றினால் அரக்கு இளகும், திருத்திக்கொள்ளலாம். கடையில் விற்கும் சில பசைகளில் இச்சலுகை இல்லை.

ஈரக்கோலில் இவ்வளவும் செய்து பயனில்லை. அது உலர்ந்து சுருங்கும்போது சுற்று தளர்ந்து முனை ஆடும். நிழலிற் சில மாதம் உலர்த்தப் பொறுமை இல்லாதார் இத்தொழிலுக்கு வாராதிருப்பதே மேல்!

கனமும் ஒத்திருக்க வேண்டும். முனையேறிய அம்பை விரல்மேல் கிடத்தினால், நடுவிலிருந்து சற்று முன்தள்ளி நிலைகொள்ளும் இடம் அமைய வேண்டும். எழுபது சென்டிமீட்டர் அம்பாயின் நடுவுக்கு முன்னே ஏழு சென்டிமீட்டர் அளவில் அமைவது நன்று. தட்டாரின் தராசில் நிறுத்து, ஒரே எடையுள்ளவற்றை ஒரு கட்டாகச் சேர்க்கவும்.

இறுதியாக ஒன்று, இதைச் சிறுவர்களுக்கு வலியுறுத்திச் சொல்லுங்கள். கீறல் விழுந்த அம்பு நாணை விட்டுப் புறப்படும்போதே முறிந்து, வில்லைப் பிடித்த கையிற் பாயக்கூடும். ஆகவே ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்பும் கோலை மெல்ல வளைத்து, காதருகே வைத்துக் கேட்க வேண்டும். சிறு நெறிப்பொலி கேட்டாலும் முனையைக் கழற்றி எடுத்துக்கொண்டு, கோலை இரண்டாக ஒடித்து அடுப்பில் இடுங்கள். ஓரத்தில் எறிந்தால் மறுநாள் எவனாவது ஒரு சிறுவன் எடுத்துவந்து நாணில் பூட்டுவான்.